தொப்புள்கொடி இரத்த வங்கி: பெட்டி, ஆய்வறிக்கை, ஒப்பந்தம் மூன்றையும் பிரித்துப் பார்த்தால்

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் நெருங்கும்போது மகப்பேறு மருத்துவமனை வரவேற்பறையில் அந்தத் துண்டறிக்கை கைக்கு வந்துவிடும். குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமியுங்கள், 80-க்கும் மேற்பட்ட நோய்களுக்குப் பயன்படும், பிறக்கும் நேரத்தில் மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு, தவணை வசதி உண்டு. கட்டணம் சில பத்தாயிரங்களில் தொடங்கி, திட்டத்தையும் சேமிக்கும் ஆண்டுகளையும் பொறுத்து லட்சத்தைத் தாண்டும். வளைகாப்பும் பிரசவச் செலவும் வரிசையில் நிற்கும் நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் தாலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை இரத்தநோயோடோ பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டோடோ ஒரு மூத்த குழந்தை இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி இரத்தத்தைச் சேமிக்கத் தயங்கக் கூடாது. அப்படி யாரும் இல்லாத வீட்டில், பிறக்கும் குழந்தைக்கென்றே தனியாகப் பூட்டிவைக்கும் திட்டத்துக்குப் பணம் கட்ட மருத்துவக் காரணம் ஏதுமில்லை. இரண்டுக்கும் நடுவே, எல்லோர் பைகளையும் உறுப்பினர்களுக்குள் பொதுவாக வைக்கும் ‘கம்யூனிட்டி’ திட்டம் இப்போது பரவலாக விற்கப்படுகிறது; அது கணக்களவில் நியாயமானது. ஆனால் அதன் தரம் முழுக்க ஒப்பந்தத்திலும் ஆய்வகத்திலும் இருக்கிறது. விற்க வருபவர் இந்த இரண்டையும் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுவார்.

பையில் என்ன இருக்கிறது

கருவில் இரத்த உற்பத்தி ஒரே இடத்தில் நடப்பதில்லை. முதலில் மஞ்சள்கருப் பை, பிறகு ஈரல், கடைசியில் எலும்பு மஜ்ஜை என்று இடம் மாறுகிறது. பெரியவர்களின் இரத்த ஓட்டத்தில் அபூர்வமாகவே தென்படும் இரத்த ஸ்டெம் செல்கள், அதாவது எல்லா இரத்த அணுக்களையும் உருவாக்கும் மூலச் செல்கள், இந்த இடமாற்றத்தின் காரணமாகப் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் கணிசமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கொடியை வெட்டிய பிறகு நஞ்சிலும் (பிளாசென்டா) கொடியிலும் தங்கிவிடும் இரத்தத்தைத்தான் ஒரு பையில் சேகரிக்கிறார்கள்; அதில் கிடைப்பவை இவைதான். மேற்பரப்பில் சி.டி.34 என்ற அடையாளப் புரதத்தைத் தாங்கிய இந்தச் செல்கள், பையில் உள்ள உட்கருச் செல்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பாலானவை சாதாரண வெள்ளணுக்கள்.

கொடி இரத்தத்துக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. அதிலுள்ள டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் இன்னும் கிருமிகளைச் சந்தித்துப் பழகாதவை. ஆகவே திசுப் பொருத்தம் அரைகுறையாக இருந்தாலும், அதாவது எச்.எல்.ஏ எனப்படும் திசு அடையாளக் குறிகளில் 6-க்கு 4 பொருந்தினாலே, வேறொருவருக்குச் செலுத்த முடிகிறது. வழக்கமான மஜ்ஜை மாற்றில் இந்த அளவு நெகிழ்வு கிடைத்ததில்லை. நஷ்டமும் உண்டு: செல்களின் எண்ணிக்கை மஜ்ஜையை விட மிகக் குறைவு என்பதால் வெள்ளணுக்கள் மீண்டும் ஏறக் கூடுதல் நாட்களாகும், தட்டணுக்கள் இன்னும் மெதுவாக வரும். அந்த இடைவெளியில் நோய்த்தொற்றுதான் எமன்.

1988-ல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளூக்மனின் குழு முதல் கொடி இரத்த மாற்றைச் செய்தது. ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஓர் அமெரிக்கச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது, புதிதாய்ப் பிறந்த அவன் தங்கையின் கொடி இரத்தம். அதைப் பதப்படுத்தி உறைய வைத்தவர் இண்டியானாவில் இருந்த ஹால் பிராக்ஸ்மையர். அதன் பிறகு உலகம் முழுவதும் நடந்த பல்லாயிரம் கொடி இரத்த மாற்றுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி அடுத்தவர் இரத்தத்தைக் கொண்டு நடந்தவையே. துண்டறிக்கையில் வரும் அந்த 80 நோய்ப் பட்டியலை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதிலுள்ள நோய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது நோயில்லாத இன்னொருவரின் செல்.

சொந்த இரத்தம் சொந்த நோய்க்கு ஏன் உதவாது

தாலசீமியா மேஜரோடு பிறக்கும் குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே பழுதான பீட்டா குளோபின் மரபணுதான் இருக்கும். அதைத் திருப்பிச் செலுத்தினால் நோயைத் திருப்பிச் செலுத்தியதாகவே ஆகும். சிக்கிள் செல், பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு, வளர்சிதை மாற்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றிலும் சிக்கல் உண்டு. அதன் முதல் மரபணு மாற்றம் பல குழந்தைகளில் கருவிலேயே ஏற்பட்டுவிடுகிறது. பிறந்தபோது எடுத்த இரத்தத்திலேயே அந்த மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். போதாததற்கு, அடுத்தவர் செல் உள்ளே போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தாக்கும். சொந்தச் செல் அதைச் செய்யாது.

ஒரு குழந்தை தன் கொடி இரத்தத்தையே முதல் 20 ஆண்டுகளில் பயன்படுத்தும் வாய்ப்பு 0.04 முதல் 0.0005 சதவீதம் வரைதான் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-ல் தன் கருத்தொருமிப்பு அறிக்கையில் குறிப்பிட்டது. ‘உயிரியல் காப்பீடு’ என்று விற்பது தவறு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆரும் குடும்பத்தில் தேவையில்லாத நிலையில் தனியார் சேமிப்பைப் பரிந்துரைப்பதில்லை. காப்பீடு என்ற சொல் இங்கே பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு: காப்பீட்டில் நோய் வந்தால் பணம் வரும். இங்கே நோய் வந்தால் ஒரு பை வரும்; அது போதுமா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆட்டிசம், பெருமூளை வாதம், சர்க்கரை நோய் என்று ‘எதிர்கால மருத்துவம்’ தலைப்பில் வரும் பட்டியலும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் இவற்றை முறையாகச் சோதித்துப் பார்த்தது. பெருமூளை வாதக் குழந்தைகளுக்குச் சொந்தக் கொடி இரத்தம் செலுத்திய ஆய்வில் மொத்தக் குழுவை எடுத்துக்கொண்டால் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை; கிலோவுக்கு 2 கோடி செல்களுக்கு மேல் பெற்றவர்களிடம் இயக்கத் திறன் சற்று மேம்பட்டதாகப் பிறகு பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. 2020-ல் வந்த ஆட்டிசம் ஆய்வில் முதன்மை அளவுகோலில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோயில் ஃபுளோரிடாவில் செய்து பார்த்ததும் இன்சுலின் சுரப்பைக் காப்பாற்றவில்லை. இந்தியாவில் இவை எதற்கும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அங்கீகாரம் கிடையாது. ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்தால் அது விதிமீறல்.

பெட்டி

திட்டத்தில் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே இரத்தம் சேகரிக்கும் பை, அதில் உறைவைத் தடுக்கும் சி.பி.டி அல்லது சி.பி.டி.ஏ திரவம் சுமார் 25 முதல் 35 மில்லி, பையோடு இணைந்த தடித்த ஊசி, தாயின் இரத்தத்துக்கான குழாய்கள், கிளாம்ப், பார்கோடு ஒட்டிகள், படிவங்கள், வெப்பத்தைத் தாங்கும் ஜெல் பொதிகள், சிலவற்றில் வெப்பநிலையைப் பதியும் கருவி. கடைசியாகச் சொன்னது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெட்டியில் வழியில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. பையின் காலாவதித் தேதி பிரசவத் தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஏழாம் மாதத்திலேயே வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் மறுபடி பார்ப்பதில்லை.

பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. இந்திய விதிப்படி சேகரித்த இரத்தம் 18 முதல் 28 டிகிரிக்குள் பயணிக்க வேண்டும். எடுத்த நேரத்திலிருந்து 72 மணிக்குள் பதப்படுத்தியாக வேண்டும். நல்ல ஆய்வகங்கள் 48 மணியைத் தாண்ட விடாது. மே மாத மதியத்தில் நிறுத்திவைத்த காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், அந்த 28 டிகிரியை மறந்துவிடலாம். ஐஸ் வைத்து அனுப்புவதும் தப்பு. தூத்துக்குடியிலோ தர்மபுரியிலோ ஞாயிறு நள்ளிரவு பிரசவம் நடந்தால் எத்தனை மணிக்கு ஆள் வருவார், எந்த ஊர் ஆய்வகத்துக்கு எப்படிப் போகும் என்று சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னை வாடிக்கையாளருக்குப் பொருந்தும் பதிலை எல்லா ஊருக்கும் சொல்வார்கள்.

சேகரிப்பைப் பற்றி விற்பனையாளர் ‘வலியே இல்லை, ஐந்து நிமிடம்’ என்பார். அது உண்மை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகவும் முடியும். குழந்தை வெளியே வந்து கொடியை வெட்டிய பின், நஞ்சோடு இணைந்திருக்கும் பக்கத்துக் கொடியைக் கிருமிநாசினியால் நன்றாகத் துடைத்து, காயும் வரை பொறுத்து, தொப்புள் சிரையில் ஊசியை ஏற்ற வேண்டும். பை கட்டிலின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். இரத்தம் தானாக இறங்கும். இறங்கும்போதே பையை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொடி வெளுத்துச் சுருங்கியதும் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைத்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். நஞ்சு உள்ளே இருக்கும்போதே எடுப்பது ஒரு முறை, வெளியே வந்த பிறகு தனி மேசையில் தொங்கவிட்டு எடுப்பது இன்னொரு முறை. பின்னதில் இரத்தம் உறைய நேரம் கிடைத்துவிடும்.

எங்கே தவறுகிறது? ஆட்டாமல் விட்ட பையில் கட்டி உறையும். உறைந்த கட்டியில் சிக்கிய ஸ்டெம் செல் திரும்பாது. துடைத்தது காய்வதற்குள் குத்தினாலோ, வெளியே வந்துவிட்ட ஊசியை அப்படியே மறுபடி ஏற்றினாலோ பாக்டீரியா உள்ளே போகும்; சுகப்பிரசவத்தில் இந்த ஆபத்து சிசேரியனை விட அதிகம். எடை குறைந்த குழந்தை என்றால் நஞ்சும் சிறிது, இரத்தமும் குறைவு. அவசர சிசேரியனில் யாருக்கும் பையின் நினைவே இருக்காது, இருக்கவும் கூடாது. தாயின் இரத்த மாதிரியைப் பிரசவத்துக்கு 7 நாள் முன்போ பின்போ எடுத்திருக்க வேண்டும், எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா போன்ற சோதனைகள் அந்த மாதிரியில்தான் நடக்கும். அது விடுபட்டால் பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரைகுறைதான்.

கொடியை எப்போது வெட்டுவது என்ற கேள்வியை மட்டும் தனியாகப் பேசியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிறந்து 1 நிமிடத்துக்கு முன் கிளாம்ப் போடக் கூடாது என்கிறது. முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லி, 3 நிமிடத்தில் சுமார் 100 மில்லி இரத்தம் நஞ்சிலிருந்து குழந்தைக்குப் போகிறது. அதோடு கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இப்போது பெட்டியைப் பாருங்கள்: பை நிரம்ப வேண்டுமானால் சீக்கிரம் வெட்ட வேண்டும். தாமதமாக வெட்டினால் பையில் 30, 40 மில்லிதான் விழும். இரண்டும் முழுதாகக் கிடைக்கும் என்று எந்தத் துண்டறிக்கை சொன்னாலும் நம்பாதீர்கள். சேமிப்புக்காக வெட்டும் நேரத்தை முன்தள்ள வேண்டாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆரோக்கியமான குடும்பத்துக்கு அந்த 80 மில்லி குழந்தையின் உடம்புக்குள் போவதே மேல், செலவும் இல்லை.

ஆய்வகத்துக்குள்

பை ஆய்வகம் சேர்ந்ததும் எடை, செல் எண்ணிக்கை, இரத்த வகை பார்க்கிறார்கள். பிறகு சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரித்து நீக்கி, உட்கருச் செல்கள் அடர்ந்த பகுதியைச் சுமார் 20 மில்லியாகச் சுருக்குவார்கள். இதற்கு ஹெச்.இ.எஸ் கரைசலால் படியவைக்கும் பழைய முறையும் உண்டு, செபாக்ஸ், ஏ.எக்ஸ்.பி போன்ற மூடிய தானியங்கிக் கருவிகளும் உண்டு. மூடிய கருவியில் கிருமி புகும் வாய்ப்பும் ஆளுக்கு ஆள் மாறும் வேறுபாடும் குறைவு. சிவப்பணுவை நீக்காமல் அப்படியே உறைய வைக்கும் முறையும் இருக்கிறது. செல் இழப்பு குறைவு என்பார்கள். ஆனால் உருக்கும்போது உடையும் சிவப்பணுக்களால் நோயாளிக்குத் தொல்லை.

கடைசியில் டி.எம்.எஸ்.ஓ என்ற திரவத்தை 10 சதவீத அளவுக்குக் குளிர்ந்த நிலையில் மெல்லச் சேர்ப்பார்கள். இது செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகாமல் காக்கும்; அதே சமயம் அறை வெப்பநிலையில் செல்லுக்கே விஷம். ஆகவே சேர்த்ததும் தாமதிக்காமல் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்ற வேண்டும். திரவத்தில் மைனஸ் 196 டிகிரி. எந்த நிலையிலும் மைனஸ் 150-க்கு மேலே ஏறக் கூடாது. இந்த எல்லைக்குள் இருந்தால் செல்கள் நீண்ட காலம் தாங்கும்: பிராக்ஸ்மையரின் குழு 23.5 ஆண்டு உறைந்திருந்த பைகளிலிருந்தும் எலிகளில் வேர்பிடிக்கும் செல்களை மீட்டது, 2023-ல் 27 ஆண்டுப் பைகளுக்கும் அதே முடிவு வந்தது. ‘75 ஆண்டு சேமிப்பு’ என்று விற்பவர்களிடம் அந்த மீதி 48 ஆண்டுக்கான ஆதாரத்தைக் கேட்கலாம்.

பை இரண்டு அறைகள் உள்ளதாக, ஒன்றில் 20 மில்லி, ஒன்றில் 5 மில்லி என இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், பையோடு ஒட்டிய குழாயில் முத்திரையிட்ட சிறு துண்டுகள். பல ஆண்டு கழித்து மாற்றுச் சிகிச்சை மருத்துவர் முதலில் கேட்பது இந்தத் துண்டைத்தான். அதை உருக்கித்தான் இது அந்தக் குழந்தையின் பைதானா, செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார். துண்டு இல்லாத பையைப் பல மையங்கள் தொடவே தொடாது.

அறிக்கையைப் படிப்பது எப்படி

சேமித்த சில வாரங்களில் ஓர் அழகான சான்றிதழ் வரும். அது தேவையில்லை, ஆய்வறிக்கைதான் வேண்டும். அதில் பதப்படுத்திய பிறகான மொத்த உட்கருச் செல் எண்ணிக்கை, அதாவது டி.என்.சி, முதலில் பார்க்க வேண்டியது. கொடி இரத்தத்தில் மில்லிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 கோடி உட்கருச் செல்கள் இருக்கும். 80 மில்லி எடுத்தால் சுமாராக 100 கோடி. மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி வேண்டும். தாலசீமியா போன்ற புற்று அல்லாத நோய்களுக்கு இன்னும் அதிகம். 10 கிலோக் குழந்தைக்கு இந்த 100 கோடி தாராளம். 60 கிலோ இளைஞருக்கு 150 கோடி தேவை, கையிலிருப்பது 100. உருக்கும்போது அதிலும் ஒரு பங்கு போய்விடும். ‘தாத்தா பாட்டி வரைக்கும் பாதுகாப்பு’ என்ற வரியை இந்தக் கணக்கோடு வைத்துப் படியுங்கள்.

இந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க இரண்டு பையைச் சேர்த்துச் செலுத்துவது, ஆய்வகத்தில் செல்லைப் பெருக்குவது என்று வழிகள் உண்டு. நிகோடினமைட் கொண்டு பெருக்கிய ஓமிசர்ஜ் என்ற தயாரிப்புக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ ஏப்ரல் 2023-ல் ஒப்புதல் தந்தது. அது மருந்து நிறுவனம் தேர்ந்தெடுத்த கொடைப் பையிலிருந்து செய்யப்படுவது. உங்கள் வங்கியில் கிடக்கும் பையைக் கொடுத்துப் பெருக்கித் தரச் சொல்லும் ஏற்பாடு அல்ல.

சர்வதேச ஃபேக்ட்–நெட்கார்டு தரநிலையில், வேறொருவருக்குத் தரத் தகுந்த பைக்குக் குறைந்தபட்சம் 50 கோடி உட்கருச் செல், 12.5 லட்சம் உயிருள்ள சி.டி.34 செல், அவற்றில் 85 சதவீத உயிர்ப்பு, பாக்டீரியாவும் பூஞ்சையும் இல்லாமை ஆகியவை வேண்டும். பொது வங்கிகள் பல இதைவிடக் கறாராக வடிகட்டி, பெரும்பாலான சேகரிப்புகளை நிராகரித்துவிடும். தனியார் வங்கிக்கு நிராகரிக்க என்ன அவசரம்? கட்டணம் வந்துவிட்டது, பை உள்ளே போகும். 20 கோடி செல் உள்ள பைக்கும் 120 கோடி உள்ள பைக்கும் ஒரே ஆண்டுக் கட்டணம். குறைந்தபட்ச எண்ணிக்கை எட்டாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு விதியைக் கொண்டே ஒரு நிறுவனத்தின் நேர்மையை அளந்துவிடலாம்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களும் இந்த எண்களை இப்போதே கேட்டு வாங்குவது நல்லது. அறிக்கையில் டி.என்.சி இருந்து சி.டி.34 இல்லையென்றால் அது முழுமையான அறிக்கை அல்ல. கிருமிச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்த பைக்கு ஆண்டாண்டாகக் கட்டுவதில் பொருளில்லை.

தொட்டி சூடானால்

சிங்கப்பூரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கார்ட்லைஃப் என்ற கொடி இரத்த வங்கியின் கதை, இந்தச் சேவையை மதிப்பிடும் எவரும் தவிர்க்க முடியாதது. நவம்பர் 2023-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு, அங்கே ஏழு சேமிப்புத் தொட்டிகளில் வெப்பநிலை மைனஸ் 150-ஐத் தாண்டி ஏறியிருந்ததை வெளியிட்டது. ஒரே தொட்டியிலிருந்த சுமார் 2,200 பைகள் சேதமடைந்துவிட்டன. அடுத்த ஏப்ரலில் மேலும் ஆயிரக்கணக்கான பைகள் பயனற்றவை என்று தெரியவந்தது. கடுமையான ஒழுங்குமுறை உள்ள ஊர், அங்கீகாரச் சான்றிதழ்கள் உள்ள நிறுவனம். சுவிட்சர்லாந்தின் கிரையோ–சேவ் 2019-ல் திவாலானபோது ஐரோப்பா முழுவதும் இருந்த வாடிக்கையாளர்களின் பைகள் போலந்துக்குப் போயின. தங்கள் பை எங்கே, எந்த நிலையில் என்று பெற்றோர் அலைந்தார்கள்.

ஆகவே ஏ.ஏ.பி.பி, ஃபேக்ட் போன்ற சர்வதேசத் தரச் சான்று அமைப்புகளின் முத்திரைகள் அவசியம், ஆனால் போதுமானவை அல்ல. தொட்டி வெப்பநிலை தொடர்ந்து பதிவாகிறதா, அலாரம் அடித்தால் இரவில் யாருக்குப் போகும், கடைசி ஆண்டுப் பதிவைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். இதுவரை எத்தனை பைகளைச் சிகிச்சைக்கு அனுப்பினீர்கள், அவற்றில் எத்தனை வேர்பிடித்தன என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. ‘எத்தனை லட்சம் பேர் சேமித்திருக்கிறார்கள்’ என்பதைப் பதிலாகச் சொன்னால் அது வேறு கேள்விக்கான பதில்.

ஒப்பந்தமும் ‘கம்யூனிட்டி’ திட்டமும்

பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் பொறுப்பு, கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு முடியும். வழியில் கெட்டாலும் தொட்டியில் கெட்டாலும் அவ்வளவுதான். ஆண்டுக் கட்டணம் தவறினால் பை யாருக்குச் சொந்தம், நிறுவனம் கைமாறினால் என்ன, குழந்தைக்கு 18 வயதானதும் உரிமை யாருக்கு, பையை வெளியே எடுக்கும்போது எச்.எல்.ஏ சோதனைக்கும் உறைநிலைப் பயணத்துக்கும் தனிக் கட்டணமா என்ற நான்கையும் தேடிப் படியுங்கள். மாற்றுச் சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு தருவோம் என்ற சலுகை இருந்தால், எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில் என்ற நிபந்தனைகளைப் படிக்கும் வரை அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

சென்னையின் லைஃப்செல் நிறுவனம் 2017-ல் தொடங்கிய கம்யூனிட்டி வங்கி முறை, தனியார் சேமிப்பின் அடிப்படைக் குறையை நேராகத் தொட்டது. சேமித்தவர்கள் எல்லோருடைய பைகளும் ஒரு பொதுக் குளத்தில் இருக்கும். உறுப்பினர் குடும்பத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் குளத்தில் பொருந்தும் பையைத் தேடிக்கொள்ளலாம். நோயாளிக்கு வேண்டியது இன்னொருவரின் செல் என்ற உயிரியல் உண்மைக்கு இது ஒத்துப்போகிறது. இந்திய மரபினருக்குப் பொருத்தமான கொடையாளர்கள் உலகப் பதிவேடுகளில் குறைவு என்பதால் இந்தியப் பைகளின் குளத்துக்கு மதிப்பும் உண்டு.

இருந்தும் மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. பொருத்தம் கிடைக்கும் என்று விளம்பரத்தில் வரும் சதவீதம் எத்தனை குறிகள் பொருந்துவதை வைத்துச் சொல்லப்படுகிறது, செல் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்ததா என்று கேட்க வேண்டும். 6-க்கு 4 பொருந்தி 30 கோடி செல் மட்டும் உள்ள பை, காகிதத்தில் பொருத்தம், வார்டில் உதவாது. அடுத்து, உங்கள் பை வேறொருவருக்குப் போகலாம் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். மூத்த குழந்தைக்கென்று சேமிக்கும் குடும்பம் இந்தத் திட்டத்தில் சேரக் கூடாது, அல்லது அந்தப் பையை விலக்கிவைக்கும்படி எழுதி வாங்க வேண்டும். மூன்றாவது, குளம் உறுப்பினர்களுக்கு மட்டும். பணம் கட்ட முடியாத வீட்டுக் குழந்தைக்கு அதே பை பொருந்தினாலும் அந்த வழியில் கிடைக்காது. பொது வங்கி என்றால் இந்தக் கேள்வியே எழாது. சென்னையில் ஜீவன் அறக்கட்டளை அப்படி ஒன்றை நடத்திப் பார்த்தது. ஒவ்வொரு பையையும் இலவசமாகச் சேகரித்து, சோதித்து, உறைய வைத்து, யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பதற்கு நிதி திரட்டுவது இங்கே எளிதாக இல்லை.

ஒரு பை இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற பயத்தில்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு இப்போது அடிப்படை குறைந்துவிட்டது. பெற்றோரில் ஒருவரின் பாதி பொருந்தும் மஜ்ஜையைக் கொண்டு மாற்று செய்து, பிறகு சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்து, வந்த செல்கள் நோயாளியின் உடலைத் தாக்குவதை அடக்கும் முறை வந்ததிலிருந்து உலகெங்கும் கொடி இரத்தத்தின் பயன்பாடு குறைந்துகொண்டே வருகிறது. சென்னையிலிருந்து இயங்கும் டாட்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளும் இருக்கின்றன.

கொடித் திசு, நஞ்சுத் திசு, பல் கூழ் என்று கூடுதலாக விற்கும் எதையும் வாங்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி இந்தியாவில் உரிமம் உள்ளது கொடி இரத்த வங்கிக்கு மட்டுமே.

மூத்த குழந்தைக்கு நோய் இருந்தால்

இந்தக் குடும்பங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் போவதற்கு முன், குழந்தையைப் பார்க்கும் இரத்தநோய் மருத்துவரிடம் பேச வேண்டும். தாலசீமியாவில் அடுத்த குழந்தை நோயின்றிப் பிறக்கும் வாய்ப்பு 4-ல் 3, மூத்த குழந்தையோடு எச்.எல்.ஏ முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 4-ல் 1. இரண்டுக்குமான மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றாக நிகழும் வாய்ப்பு 16-ல் 3. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் நஞ்சின் சிறு துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையிலேயே இரண்டையும் அறிய முடியும். பொருந்தவில்லை என்று தெரிந்தால் சேமிப்புச் செலவு மிச்சம்.

பொருந்தினால் மூத்த குழந்தையின் எடையைக் கொண்டு எத்தனை கோடி செல் வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, சேகரிக்கும் மருத்துவமனைக்குக் கொடுங்கள். பழக்கமுள்ள ஒருவர் அந்த வேலைக்கு மட்டும் நிற்க வேண்டும். இங்கே கொடியை வெட்டும் நேரத்தை இரு மருத்துவர்களும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்யலாம். சேமிக்கும் வங்கி எது என்பதை மாற்றுச் சிகிச்சை மையத்தின் ஒப்புதலோடு தேர்ந்தெடுங்கள். அவர்கள் ஏற்காத ஆய்வகத்தின் பை அவர்களுக்கு வேலைக்காகாது. செலவுக்கு, கோல் இந்தியா நிதியில் நடக்கும் தாலசீமியா பால சேவா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் வேலூர் சி.எம்.சியும் ஒன்று.

எதிர்பார்த்ததை விடக் குறைவாகப் பை நிரம்பினால் அதைக் கழித்துவிட வேண்டாம். தம்பியோ தங்கையோ ஓரளவு வளர்ந்த பிறகு அதே குழந்தையிடமிருந்து கொஞ்சம் மஜ்ஜையும் எடுத்து, உறைந்த பையோடு சேர்த்துச் செலுத்துவது நடைமுறையில் உள்ளதுதான். தொற்றோ உறைகட்டியோ இல்லாத வரை 40 மில்லிப் பைக்கும் இந்த வீட்டில் வேலை இருக்கிறது.